குழாய் உடைந்துவிட்டதா? பிளம்பர் வந்து சேரும்வரை என்ன செய்யலாம், எதைத் தொடக்கூடாது

இப்போதே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருக்கும்போது இதைத் திறந்திருக்கிறீர்கள் என்றால் முழுசாகப் படிக்க வேண்டாம். முதலில் தரையில் தண்ணீர் எதுவரை போயிருக்கிறது என்று பாருங்கள். பிளக் பாயிண்ட், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கம் போய்விட்டது என்றால் அந்தத் தண்ணீரில் கால் வைக்காமல், காய்ந்த இடத்தில் நின்று மெயின் சுவிட்சை அணையுங்கள். அடுத்து, உடைந்த இடத்துக்கு முன்னால் இருக்கும் வால்வை மூடுங்கள். அது திரும்பவில்லையா, வீட்டுக்கு வரும் மெயின் வால்வை மூடுங்கள். மோட்டார் ஓடினால் நிறுத்துங்கள், ஹீட்டரை அணையுங்கள். அப்புறம் பிளம்பருக்குப் போன். மீதியைத் தண்ணீர் நின்றபிறகு வந்து படிக்கலாம்.

நின்றுவிட்டதா? சரி.

எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது ஒரு ராத்திரியில். வாஷ் பேசினுக்கு அடியில் இருக்கும் அந்த வளையும் கனெக்ஷன் பைப் வெடித்துவிட்டது. ஒரு துண்டை எடுத்துச் சுற்றினேன், அதன்மேல் இன்னொரு துண்டு, அதன்மேல் பிளாஸ்டிக் பை, எல்லாவற்றையும் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை வைத்துப் பிளம்பரிடம் கத்தினேன். அவர் கேட்ட முதல் கேள்வி "வால்வை மூடினீங்களா?" என்பதுதான். என் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி, அதே பைப்பின் மறுமுனையில், சின்னதாக ஒரு ஆங்கிள் வால்வு இருந்தது. பல வருடமாக அங்கேதான் இருந்திருக்கிறது. நான் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேனோ என்னவோ.

இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான். பிளம்பர் வருவதற்குள் நம் வேலை பழுது பார்ப்பது இல்லை. தண்ணீரை நிறுத்துவது, ஆளுக்கு ஆபத்து வராமல் பார்ப்பது, சேதத்தைப் பெரிதாக்காமல் இருப்பது, இவ்வளவுதான். நிமிடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால்கூட பத்து நிமிடத்தில் 150 லிட்டர் வெளியே வந்துவிடும். 10 சதுர மீட்டர் அறை ஒன்றில் அது ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். நீங்கள் துண்டு சுற்றும் நேரம் எவ்வளவு விலை என்று இதிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வால்வு, எந்தப் பக்கம்

வால்வுகள் அடுக்கடுக்காக இருக்கும். குழாய்க்குப் பக்கத்திலேயே இருப்பது ஆங்கிள் வால்வு: பேசின், சிங்க், ஃப்ளஷ் டேங்க், ஹீட்டர், வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தனித்தனியாக ஒன்று இருக்கும். அதற்கு முன்னால், குளியலறைக்கோ சமையலறைக்கோ மட்டும் தனியாக ஒரு வால்வு சில வீடுகளில் உண்டு, பெரும்பாலும் வாசலை ஒட்டிய சுவரில் தலைக்கு மேலே. அதற்கும் முன்னால் வீட்டு மெயின் வால்வு. நேரடி லைன் என்றால் தண்ணீர் மீட்டரை ஒட்டி, மாடித் தொட்டி என்றால் தொட்டியின் அடியிலிருந்து கிளம்பும் குழாயில். அடுக்குமாடி வீடு என்றால் மாடித் தொட்டியிலிருந்து ஒரு வீட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இறங்கு குழாய் இருக்கலாம், சமையலறைக்கு ஒன்று, ஒவ்வொரு குளியலறைக்கும் ஒன்று என்று, அதனால் மாடியில் ஒரே ஒரு வால்வை மூடிவிட்டு "நிற்கவில்லையே" என்று பதற வேண்டாம். எது எந்தக் குழாயில் போகிறது என்று கண்ணால் தொடர்ந்து பாருங்கள், இல்லையென்றால் ஒருவர் கீழே நின்று சொல்ல, இன்னொருவர் ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள்.

வால்வு இரண்டு வகை. நீளமான கைப்பிடி உள்ளது பால் வால்வு. கைப்பிடி குழாயோடு ஒரே திசையில் இருந்தால் திறந்திருக்கிறது, குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. கால் சுற்றுதான், முடிந்தது. வட்டச் சக்கரம் போல இருப்பது கேட் வால்வு, கடிகாரம் சுற்றும் பக்கமாகப் பல சுற்று திருக வேண்டும். ஆங்கிள் வால்விலும் இரண்டு மாதிரியும் வருகிறது, எப்படியும் கடிகாரப் பக்கம்தான் மூடும்.

இதில் கேட் வால்வுதான் காலை வாரும். வருடக்கணக்கில் யாரும் தொடாததால் இறுகிப் போயிருக்கும். அப்போது பைப் ரெஞ்சை மாட்டி முழு பலத்தையும் போடுவது பெரிய தப்பு, ஏனென்றால் தண்டு முறிந்தால் கசிவு ஒன்று இரண்டாகிவிடும், அதுவும் மூடவே முடியாத இடத்தில். கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் என்று அசைத்து அசைத்துத் தளர்த்துங்கள், கை நழுவினால் துணியைச் சுற்றிப் பிடியுங்கள். அப்படியும் வரவில்லையா, விட்டுவிட்டு அதற்கு முந்தைய வால்வுக்குப் போங்கள். சில நேரம் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், முடிவே வராது. உள்ளே இருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்றுவிட்டது என்று அர்த்தம், அந்த வால்வை மறந்துவிடுங்கள். மூடியபிறகு தண்டைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக வந்தால் பயப்பட வேண்டாம், சக்கரத்துக்குக் கீழே உள்ள நட்டை ஸ்பேனரால் லேசாக, கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

எந்த வால்வுமே மூடவில்லை, மேலே தொட்டி நிறையத் தண்ணீர் என்றால்? முதலில் தொட்டியில் தண்ணீர் ஏறுவதை நிறுத்துங்கள். அப்புறம் தொட்டிக்கு உள்ளே கை எட்டினால், தண்ணீர் வெளியேறும் வாயை உள்ளிருந்தே அடைக்கலாம்: துணியை பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்த வாயைவிட நன்றாகப் பெரிய உருண்டையாகக் கட்டி, ஒரு கயிற்றை அதில் முடிந்து, வாய்மேல் வைத்தால் தண்ணீரின் இழுப்பே அதை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். உருண்டை சின்னதாக இருந்தால் குழாய்க்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும், அதற்குத்தான் கயிறும் அளவும். தொட்டிக்குள் இறங்க வேண்டாம், தனியாக, இருட்டில், ஈர ஏணியில் ஏறவும் வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால் வீட்டில் எல்லா வாளிகளையும் நிரப்பிக்கொண்டு மீதித் தண்ணீரைக் குளியலறைக் குழாய்கள் வழியாகத் திறந்துவிடுங்கள், ஹாலில் போவதற்கு அது சாக்கடையில் போகட்டும்.

மூடிய பிறகும் தண்ணீர் வருகிறதே?

வரும். வால்வுக்கும் உடைப்புக்கும் நடுவே, அதற்கு மேலே உள்ள குழாய்களில் நிற்கும் தண்ணீர் எல்லாம் இறங்க வேண்டும். வீட்டிலேயே தாழ்வாக இருக்கும் குழாய் ஒன்றைத் திறந்துவிடுங்கள், அது வாளி வைக்கும் குழாயாகவோ தோட்டத்துக் குழாயாகவோ இருக்கலாம். கூடவே உயரத்தில் இருக்கும் ஒரு குழாயையும் திறந்து வையுங்கள். மேலே காற்று உள்ளே போனால்தான் கீழே தண்ணீர் தடையில்லாமல் இறங்கும். ஐந்து பத்து நிமிடம் போனபிறகும் அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தால் நீங்கள் மூடியது தப்பான வால்வு, அல்லது அது முழுசாக மூடவில்லை.

உயரமும் கணக்கில் வரும். தொட்டித் தண்ணீர் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழே ஏறக்குறைய 1 பார் அழுத்தம். அதனால்தான் தொட்டிக்கு அடுத்தே இருக்கும் மேல்மாடியில் அழுகைபோல வழியும் அதே ஓட்டை தரைத்தளத்தில் பீய்ச்சி அடிக்கிறது, துணி கட்டி நிறுத்துவது அங்கே நடக்கவே நடக்காது.

மின்சாரம், வெந்நீர்

இந்தப் பகுதியில் அவசரம் காட்டாதீர்கள். மெயின் சுவிட்ச் இருக்கும் இடத்திலேயே தண்ணீர் தேங்கியிருந்தால், அல்லது அந்தப் பெட்டிமேலேயே ஒழுகினால், தொடாதீர்கள். வெளியே வந்து எலக்ட்ரீஷியனையோ மின்வாரியத்தையோ கூப்பிடுங்கள். கசிவு மின்சாரத்தில் விழும் பிரேக்கர் தானாக விழுந்திருந்தால் அதைத் திரும்பத் தூக்கிவிட்டுப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். வீடுகளில் போடுவது பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும்படி வைத்தது, அது சும்மா விழாது. இன்னொன்று பலருக்கு நினைவுக்கு வராது: மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் சில பிளக்குகளில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதையும் தனியாக அணைக்க வேண்டும்.

ஹீட்டரை அணைப்பதற்குக் காரணம் வேறு. மெயின் வால்வை மூடிவிட்டுக் குழாய்களைத் திறந்துவிட்டால் சில அமைப்புகளில் ஹீட்டர் தொட்டியும் காலியாகலாம், தண்ணீர் இல்லாமல் உள்ளே இருக்கும் காயில் எரிந்தால் அது போய்விடும். கேஸ் ஹீட்டர் என்றால் கேஸையும் மூடுங்கள். உடைந்தது வெந்நீர்க் குழாய் என்றால் கையை நீட்டாதீர்கள். 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலைப் புண்ணாக்கிவிடும். ஹீட்டரின் சேஃப்டி வால்விலிருந்து, சுட வைக்கும்போது நாலு சொட்டு விழுவது சாதாரணம். ஆவியோடு பீய்ச்சினால் சாதாரணம் இல்லை, வெப்பத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் வேலை செய்யவில்லை. மின்சாரத்தை மட்டும் அணைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள், வெந்நீர்க் குழாயைத் திறந்து பார்க்காதீர்கள். அந்த வால்வு ஒழுகுகிறது என்று அதை அடைத்து வைத்துவிடும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். அழுத்தம் வெளியேற வழியில்லாத கொதிகலன் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

எது உடைந்தது என்பதைப் பொறுத்து

கையோடு குழாய் கழன்று வந்துவிட்டால்: வால்வை மூடிவிட்டு, சுவரில் உள்ள மரை, அதாவது திருகு வரிகள், நல்லபடியாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நன்றாக இருந்தால் அங்கே ஒரு எண்ட் பிளக்கைத் திருகலாம். சின்னத் திருகு மூடிதான், பெரும்பாலும் அரை அங்குல அளவு, டெஃப்லான் டேப்பைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றித் திருகினால் அந்த ஒரு வாய் மட்டும் அடைபடும், வீட்டின் மற்ற எல்லா இடத்திலும் தண்ணீர் திறந்துகொள்ளலாம். டேப்பை மரை திருகும் பக்கமாகவே, பிளக்கின் முனை உங்களைப் பார்க்க வைத்துக் கடிகாரப் பக்கமாகச் சுற்ற வேண்டும், மாற்றிச் சுற்றினால் திருகும்போதே பிரிந்து வந்துவிடும். குழாயின் பாதி முறிந்து சுவருக்குள்ளேயே நின்றுவிட்டால் அதைக் குடைந்து எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பொருத்து விரிசல் விட்டால் சுவரை உடைக்க வேண்டி வரும். அது பிளம்பர் வேலை.

கனெக்ஷன் பைப் வெடித்தால், என் கதைதான், ஆங்கிள் வால்வை மூடினால் போதும். பிளம்பருக்கு அவசரமே இல்லை, காலையில் வரட்டும்.

வெளியே தெரியும் குழாயில் ஊசி ஓட்டை, சின்ன விரிசல்: இதற்குத்தான் தற்காலிக ஒட்டு. பழைய சைக்கிள் ட்யூபை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, வால்வை மூடி, குழாயைத் துடைத்து, ஓட்டைக்கு நாலு விரல் முன்னால் தொடங்கி நாலு விரல் தாண்டும்வரை, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி, ரப்பரை நன்றாக இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். இழுப்புதான் இதில் விஷயம்; தொளதொளவென்று சுற்றினால் கட்டுப் போட்ட மாதிரி இருக்குமே தவிரத் தண்ணீர் நிற்காது. மேலே ஹோஸ் கிளிப் இரண்டு மூன்று போட்டு இறுக்குங்கள், கிளிப் இல்லையென்றால் கட்டுக்கம்பி. உலோகக் குழாயில் ஊசிமுனை ஓட்டை மட்டும் என்றால் சீவிய பென்சிலின் முனையைக் குத்தி உடைத்துவிட்டால்கூடச் சில மணி நேரம் தாங்கும், அதன்மேல் ரப்பரைச் சுற்றுங்கள்.

பிசைந்து ஒட்டும் எபாக்சிப் பசை இருந்தால் அதுவும் நல்லது, ஆனால் குழாயில் அழுத்தம் இருக்கும்போது வைத்தால் தண்ணீர் அதைத் தள்ளிவிடும், அதனால் வால்வை மூடி, குழாயைச் சொரசொரப்பாகத் தேய்த்து, கலந்து, பொதிந்து, பெட்டியில் போட்டிருக்கும் நேரம் முழுவதும் காயவிட வேண்டும். டெஃப்லான் டேப்பைக் கசியும் இடத்தின் மேலே வெளிப்பக்கமாகச் சுற்றுவதை எல்லோரும் ஒரு தடவையாவது செய்திருப்போம். அது மரைக்குள் இருந்து இடைவெளியை அடைக்கும் பொருள், கட்டுத்துணி இல்லை. வெளியே நூறு சுற்று சுற்றினாலும் பலன் கிடையாது. பிவிசி குழாய்களை ஒட்டும் சொல்யூஷனும் அப்படியே, ஈரத்தில் ஒட்டாது, வெடித்த குழாயின் மேலே பூசவும் கூடாது. பிளம்பர் வந்து முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும், அதற்கும் உங்களிடம் கூலி உண்டு.

மாடித் தொட்டி வழிந்துகொண்டே இருந்தால் மிதவை வால்வு போய்விட்டது. மிதவையின் கையைத் தூக்கி ஒரு கயிற்றால் கட்டி வையுங்கள், கை மேலே இருக்கும்வரை பெரும்பாலும் தண்ணீர் நிற்கும். மோட்டாரால் ஏறும் தொட்டி என்றால் மோட்டாரை நிறுத்தினாலே முடிந்தது.

கமோடு நிரம்பி வந்தால்

மனிதர்கள் செய்யும் முதல் காரியம் இன்னொரு தடவை ஃப்ளஷ் அழுத்திப் பார்ப்பது. தயவுசெய்து வேண்டாம். ஒரு ஃப்ளஷ் என்பது மாதிரியைப் பொறுத்து மூன்றிலிருந்து பத்து லிட்டர்வரை இருக்கும். அடைத்த குழிக்குள் அது போக இடமில்லை, உங்கள் காலுக்குத்தான் வரும். டேங்க் மூடியைத் திறந்து, அடியில் உள்ள ரப்பர் மூடியைக் கையால் அழுத்திப் பிடித்தால் கமோடுக்குள் இறங்குவது நிற்கும், மிதவையைத் தூக்கிப் பிடித்தால் டேங்க் நிரம்புவதும் நிற்கும். அருவருக்க வேண்டாம், டேங்கில் இருப்பது குழாய்த் தண்ணீர்தான். அப்புறம் பக்கத்தில் உள்ள ஆங்கிள் வால்வை மூடுங்கள்.

பத்து நிமிடம் சும்மா விடுங்கள், மட்டம் தானாகக் கொஞ்சம் இறங்கும். பிளஞ்சர் இருந்தால், ரப்பர் கிண்ணம் தண்ணீருக்குள் மூழ்கும்படி வைத்து, முதல் அழுத்து மட்டும் மெதுவாகக் கொடுங்கள், உள்ளே இருக்கும் காற்று வெளியேறட்டும், இல்லாவிட்டால் முகத்தில் தெறிக்கும். அதன்பிறகு பத்துப் பதினைந்து தடவை வேகமாக. அழுத்துவதைவிட இழுப்பதில்தான் பலம் இருக்க வேண்டும், சிக்கியதை மேலும் உள்ளே தள்ளுவதல்ல, அசைத்து விடுவதுதான் நோக்கம். பாத்திரம் தேய்க்கும் திரவத்தை ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விட்டுக் காத்திருந்தாலும் சில அடைப்பு போகும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பீங்கான் விரிசல் விடலாம்.

சிங்க் அடைப்புக்கும் பிளஞ்சர்தான். பேசினில் மேலே வழிவுத் துளை ஒன்று இருக்கும், அதை ஈரத் துணியால் அடைத்துக்கொண்டு போட்டால்தான் அழுத்தம் நிற்கும். இரட்டைத் தொட்டி சிங்க் என்றால் இன்னொரு துளையையும் அடைக்க வேண்டும். அடியில் வளைந்து இருக்கும் டிராப்பைக் கையாலேயே கழற்றலாம், ஆனால் முதலில் வாளியை வையுங்கள். அந்தக் கழற்றிய தண்ணீரை ஞாபகமில்லாமல் அதே சிங்கிலேயே ஊற்றியவர்கள் உண்டு. நானும் ஒருவன்.

அடைப்பு நீக்கும் ரசாயனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முழுசாக அடைத்த குழாயில் அது இறங்காமல் மேலேயே நிற்கும், அதன்பிறகு பிளஞ்சர் போட்டால் கண்ணில் தெறிக்கும். ஒன்று வேலை செய்யவில்லை என்று இன்னொன்றை ஊற்றுவது அதைவிட மோசம்: ஆசிட்டும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிரோடு விளையாடுவது. ஏற்கெனவே எதையாவது ஊற்றியிருந்தால் வெட்கப்படாமல் பிளம்பரிடம் சொல்லுங்கள், அவர் வெறும் கையை விடப் போகிற இடம் அது.

ஒரே சமயத்தில் எல்லாம் எதிர்த்து வந்தால்

கமோடில் ஃப்ளஷ் செய்தால் குளியலறைத் தரைத் துளையில் களக் களக் என்று சத்தம் வருகிறது, வாஷிங் மெஷின் தண்ணீர் விட்டால் குளியலறையில் மேலே வருகிறது என்றால் அடைப்பு உங்கள் சிங்கில் இல்லை, வெளியே போகும் பெரிய குழாயில். இங்கே சுத்தத் தண்ணீர் வால்வை மூடுவதால் மட்டும் தீராது, யாரும் எங்கும் தண்ணீர் விடக்கூடாது. மேல் வீட்டில் ஆள் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள், அவர்கள் குளித்தால் உங்கள் வீட்டில்தான் வெளியே வரும். தானாக ஓடும் வாஷிங் மெஷினை நிறுத்துங்கள்.

வீட்டை ஒட்டி இருக்கும் ஆய்வுத் தொட்டியின் (கழிவுக் குழாயைத் திறந்து பார்க்க வைத்த சின்னக் குழி) மூடி லேசாகத் தூக்கக்கூடியது என்றால் தூக்கி, தள்ளி நின்று பாருங்கள். நிரம்பியிருந்தால் அடைப்பு அதற்கு அப்பால், காலியாக இருந்தால் வீட்டுக்கும் அதற்கும் நடுவில். இந்த ஒரு தகவல் பிளம்பருக்குப் பெரிய உதவி. அதற்குமேல் ஒன்றும் செய்ய வேண்டாம். தலையை உள்ளே நீட்டுவதோ, தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதோ, செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்குவதோ கூடவே கூடாது. அங்கே சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் விழுந்தபிறகுதான் தெரியும், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார்.

வெளியே வந்தது கழிவுநீர் என்றால் கையுறை, செருப்பு இல்லாமல் தொட வேண்டாம், குழந்தைகளை அந்தப் பக்கமே விட வேண்டாம். கழுவியபிறகுதான் பிளீச்.

மேலிருந்து ஒழுகினால், சுவர் ஓதம் காத்தால்

கூரையில் ஒழுகும்போது முதலில் அந்த அறை விளக்கு, மின்விசிறி இணைப்பை அணையுங்கள், தண்ணீர் மின்குழாய் வழியாகத்தான் இறங்க விரும்பும். ஃபால்ஸ் சீலிங் பை மாதிரித் தொங்கினால் அதன் நேர்கீழே நிற்காமல், வாளியை வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று ஸ்க்ரூ டிரைவரால் ஒரு சின்னத் துளை போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பலகை மொத்தமாகப் பெயர்ந்து விழுவதைவிட ஒரு துளை மலிவு.

பிளம்பர் வருவதற்குள் நீங்கள் கவனித்து வைக்க வேண்டியது: எந்நேரமும் ஒரே மாதிரி ஒழுகுகிறதா, மேலே யாராவது குளிக்கும்போது மட்டுமா? எந்நேரமும் என்றால் அழுத்தத்தில் இருக்கும் நல்ல தண்ணீர்க் குழாய்மேல் சந்தேகம். குளிக்கும்போது மட்டும் என்றால் கழிவுக் குழாய் அல்லது தரை ஓட்டின் இடுக்கு. சுவருக்குள் புதைத்த குழாய் என்று சந்தேகம் வந்தால் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் படம் எடுங்கள், அரை மணி கழித்து மறுபடியும் எடுங்கள். எண் நகர்ந்தால் எங்கோ போகிறது. தொட்டி வீடு என்றால் தொட்டிக்குள் ஏறும் தண்ணீரை நிறுத்தி மட்டத்தைக் குறித்துப் பாருங்கள். ஹீட்டருக்குப் போகும் வால்வை மட்டும் மூடியதும் நகர்வது நின்றால் வெந்நீர் லைன். சுவரை நீங்களாக உடைக்க வேண்டாம், தண்ணீர் வெளியே தெரியும் இடம் வேறு, கசியும் இடம் வேறு.

உறைபனி விழும் ஊர்களில் இருப்பவர்களுக்கு: தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும், குழாய் வெடிப்பது அதனால்தான், தெரிவது உருகும்போது. மெயினை மூடி, குழாயைத் திறந்து வைத்து, திறந்த முனையிலிருந்து தொடங்கி உள்நோக்கி ஹேர் டிரையரால் மெதுவாகச் சூடு காட்டுங்கள், தண்ணீர் தேங்கிய இடத்தில் நின்று அல்ல. தீ காட்டாதீர்கள்.

போனில் என்ன சொல்வது

"தண்ணீர் ஒழுகுது, சீக்கிரம் வாங்க" என்று சொன்னால் அவர் பையோடு வந்து பார்த்துவிட்டு, சாமான் வாங்கத் திரும்பப் போவார். அதற்குப் பதில்: வால்வு மூடியாயிற்றா, மூடினால் நிற்கிறதா, குழாய் பிவிசியா, சிபிவிசியா (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்), இரும்பா, செம்பா, அரை அங்குலமா, முக்காலா, ஒன்றா, சுடுதண்ணீரா, பச்சைத் தண்ணீரா, உடைந்தது இணைப்பிலா, நடுக்குழாயிலா, வெளியே தெரிகிறதா, சுவருக்குள்ளா. அளவு தெரியவில்லை என்றால் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். தண்ணீர் பீய்ச்சியபோது பத்து விநாடி வீடியோ எடுத்திருந்தால் இன்னும் நல்லது, காப்பீடு இருக்கும் வீட்டுக்கு அதுவே சாட்சியும் ஆகும். உடைந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள், கடையில் அதைக் காட்டித்தான் அளவு வாங்க முடியும்.

காத்திருக்கும் நேரத்தில் மரச் சாமான், கம்பளம், புத்தகம் ஆகியவற்றை நகர்த்தி, தண்ணீரை வாரி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஈரம் 24 முதல் 48 மணி நேரத்துக்குமேல் நின்றால் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும், அதனால் அலமாரிக்கு அடியில் துடைக்காமல் விட்ட அந்த ஒரு கோடு பிறகு நாறும்.

திரும்பத் திறக்கும்போது

வால்வைப் படாரென்று முழுசாகத் திறக்காதீர்கள். உள்ளே காற்று நிரம்பியிருக்கும், தண்ணீர் வேகமாக வந்து மோதினால் குழாய் அதிர்ந்து, போட்ட ஒட்டே பெயர்ந்துவிடும். குளியலறைக் குழாய் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு வால்வைக் கால் பங்கு திறந்து, துப்பித் துப்பி வருவது நின்று நேராக ஓடும்வரை விட்டு, அப்புறம் மீதியைத் திறங்கள். கலங்கலாக வந்தால் தெளியும்வரை ஓட விடுங்கள், குழாய் முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றி அலசுங்கள், மண் அங்கேதான் அடைக்கும். ஹீட்டருக்கு வெந்நீர்க் குழாயில் தண்ணீர் தடையின்றி வந்தபிறகுதான் சுவிட்ச். ஒட்டுப் போட்ட இடத்தில் காய்ந்த காகிதம் ஒன்றைச் சுற்றி வைத்து ஒரு மணி கழித்துப் பாருங்கள், நனைந்திருந்தால் இரவு முழுக்க வால்வு மூடியே இருக்கட்டும்.

என் வீட்டில் இப்போது ஒரு பழைய டப்பாவில் டார்ச், ஸ்பேனர், சைக்கிள் ட்யூப், மூன்று ஹோஸ் கிளிப், டெஃப்லான் டேப், அரை அங்குல எண்ட் பிளக் இரண்டு, கையுறை இருக்கின்றன. ஒவ்வொரு வால்விலும் எது எதற்கு என்று எழுதிய அட்டை கட்டியிருக்கிறேன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மூடித் திறக்கிறேன், இறுகிப் போகாமல் இருக்க. பேசினுக்கு அடியில் இருக்கும் வால்வின் அட்டையில் மட்டும் மகள் தன் கையெழுத்தில் "துண்டு வேண்டாம், இதைத் திருகு" என்று எழுதி வைத்திருக்கிறாள்.